உதயனின் இரண்டு வயதுகள்

பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் சிலரிடம் வயதைக் கேட்டால், எந்த வயது என்று திருப்பிக் கேட்பார்கள். பேப்பர் வயது ஒன்று, தாய் பெற்ற வயது ஒன்று. அங்கே ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் ஒரு டெலிபோன் கடையின் பின்பக்கம் மேசை போட்டு, பிரெஞ்சுக் கடிதங்களை வாசித்துச் சொல்வதும் படிவம் நிரப்புவதும் என் தொழில். எழுதிக் கொடுத்த வயதையே சாகும்வரை சொல்லுங்கோ என்பதுதான் இருபது வருடமாக நான் செய்துவந்த உபதேசம். அதனால் ஒருவருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை என்று எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. உதயனின் கதையைச் சொல்வதென்றால் அந்தத் திமிரையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

உதயன் 1980இல் பிறந்தவன். பாஸ்போர்ட் வைத்திருந்தது அவனுடைய அண்ணன் ஸ்ரீஸ்கந்தராசா. பன்னிரண்டு வயது மூத்தவர். 1999இல் அண்ணனின் பயணத்துக்கு எல்லாம் சரிவந்த நேரம் பார்த்து ஊரில் ஆமிக்காரர் இளம் பெடியளைப் பிடிக்கத் தொடங்கினார்கள். அண்ணன் யோசிக்கவில்லை, தன் இடத்தைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டார். படம் மட்டும் மாறியது. பத்தொன்பது வயது உதயன் முப்பத்தொரு வயது ஸ்ரீஸ்கந்தராசாவாகப் பாரிஸில் வந்து இறங்கினான். அகதி அட்டை, கல்யாணப் பதிவு, பிறகு பிரெஞ்சுக் குடியுரிமை என்று எல்லாமே அண்ணனின் பேரிலும் அண்ணனின் வயதிலும் நடந்தன.

கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கொத்து றொட்டி போடுவது அவன் வேலை. வீடு பாரிஸுக்கு வெளியே எபினேயில். மனைவி தர்மிளா ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தாள். ஒரே மகள் கஜந்தினி. தனக்குப் பன்னிரண்டு வருடம் முந்தியே பென்சன் வரப்போகிறது, அண்ணனுக்கு நன்றி என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். நாங்களும் சிரிப்போம்.

2018 ஒக்டோபரில் ஒரு திங்கட்கிழமை அவன் ஒரு கடிதத்தோடு வந்தான். வாசித்துப் பார்த்தேன். ஐம்பது வயதானவர்களுக்கு அரசாங்கம் அனுப்பும் கடிதம். பெருங்குடல் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க, இதைக் குடும்ப டொக்டரிடம் கொண்டுபோய் ஒரு சிறு பெட்டி வாங்கி, வீட்டிலேயே மலத்தில் கொஞ்சம் எடுத்துத் தபாலில் அனுப்பவேண்டும். உண்மையில் அவனுக்கு அப்போது முப்பத்தெட்டு.

“இது உனக்கில்லை, உன்ரை அண்ணைக்கு வந்த கடிதம். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிடு,” என்றேன்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். கடிதத்தை நான்தான் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டேன். வாசல்வரை போனவன் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தி, மூலம் என்றால் இரத்தம் போகும்தானே என்று கேட்டான். எத்தனை நாளாக என்று கேட்டேன். கோடைகாலத்திலிருந்து இடைக்கிடை என்றான். அடுப்புக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் நின்றால் யாருக்குத்தான் மூலம் வராது, மிளகாயைக் குறை என்று சொல்லி அனுப்பினேன். எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனாலும் தெரிந்தவன் மாதிரிச் சொன்னேன். அந்தக் கடிதத்தோடு அவன் டொக்டரிடம் போயிருந்தால், டொக்டர் இரண்டு கேள்வியாவது கேட்டிருப்பார், இவனும் இரத்தத்தைப் பற்றிச் சொல்லியிருப்பான். பொய் வயது கொண்டுவந்து கையில் கொடுத்த நல்ல காரியத்தை, உண்மை வயது தெரிந்த நாங்கள் இருவரும் சேர்ந்து எறிந்தோம்.

அடுத்த வருடம் ஞாபகக் கடிதம் ஒன்றும் வந்தது. அதை அவன் என்னிடம் கொண்டுவரவேயில்லை. அதற்குள் ஆள் மெலிந்துவிட்டான். கடைக்கு வருகிறவர்கள் வண்டி வயிறு வற்றிவிட்டது, வடிவாக இருக்கிறாய் என்று பாராட்டினார்கள். மருந்துக்கடையில் களிம்பு வாங்கிப் பூசினான். படி ஏறினால் மூச்சு வாங்கியது. வேலைக் களைப்பு என்றான். அந்த வயதில் களைப்பைத் தவிர வேறென்ன வரும் என்று நாங்களும் நினைத்தோம். எனக்கு மட்டும் அவனுடைய முகம் வெளிறிப்போவதைப் பார்க்கும்போது ஏனோ பயமாக இருந்தது. அந்தப் பயத்தை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

2019 நவம்பரில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கொத்துக் கல்லுக்கு முன்னாலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். குடல் அடைத்துவிட்டது. அன்றைக்கே வயிற்றை அறுத்தார்கள். பத்து நாள் கழித்து டொக்டர் கூப்பிட்டபோது, மொழிபெயர்க்க நானும் போனேன்.

பெண் டொக்டர், நிதானமான மனுசி. பெருங்குடலில் இருந்த புற்றுநோய் ஈரலுக்கும் போய்விட்டது என்றார். அதைச் சொல்லிமுடித்தேன். பிறகு பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். பதினொரு வயதில் ஒரு மகள் என்றோம். தகப்பனுக்கு நோய் கண்ட வயதில் பத்தைக் கழித்து, அந்த வயதிலிருந்து மகளுக்குக் குடலுக்குள் கமெரா விட்டுப் பார்க்கவேண்டும் என்றார். ஐம்பத்தொன்றில் பத்துப் போக நாற்பத்தொன்று. அப்படியே கொம்பியூட்டரில் பதிந்தார். பதிந்துகொண்டே தனக்குத்தானே சொல்வது மாதிரி இன்னும் கொஞ்சம் பேசினார். வயதானவர்களில் கன பேருக்கு அந்தப் பெட்டிச் சோதனையிலேயே ஆரம்பத்தில் பிடிபட்டுவிடுகிறது. இப்போது இளம் ஆட்களுக்கும் கூடிக்கொண்டு வருகிறது, ஏனென்று எங்களுக்கே முழுதாகத் தெரியாது. மூலம் என்று நினைத்து அவர்களும் வருவதில்லை, வந்தாலும் சில டொக்டர்மார் தேடிப் பார்ப்பதில்லை, முற்றியபிறகுதான் தெரிகிறது. நாற்பதுக்கு உட்பட்டவர் என்றால் பரம்பரையில் ஏதும் இருக்கிறதா என்று உடனே பார்ப்போம், பிள்ளைகளையும் வெள்ளனவே கூப்பிடுவோம். உங்களுக்கு ஐம்பத்தொன்று, அதனால் அது வேறு கதை என்றார்.

நாற்பத்தொன்று என்பதை மொழிபெயர்த்தேன். மிச்சத்தை விழுங்கிவிட்டேன். உண்மையைச் சொன்னால் பேப்பர் பொய் என்று ஆகும், குடியுரிமையைப் பறித்தாலும் பறிப்பார்கள், இந்த நிலையில் இவர்கள் எங்கே போவார்கள் என்று ஒரு நிமிடத்தில் கணக்குப் போட்டேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் கூட்டிக் கழுவி, காதால் கேட்டே பிரெஞ்சு பழகியவள் தர்மிளா. என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு டொக்டரிடம் திரும்பி, தெரிந்த பிரெஞ்சில், ஒவ்வொரு சொல்லாக, தன் மனுசனுக்கு ஐம்பத்தொன்று இல்லை, முப்பத்தொன்பது என்றாள்.

டொக்டர் கொம்பியூட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டு உதயனைப் பார்த்தார். உதயன் என்னைப் பார்த்தான்.

“ஓம் அண்ணை. வடிவா விளங்கப்படுத்திச் சொல்லுங்கோ. என்ரை பேர் உதயன் எண்டதையும் சொல்லுங்கோ.”

சொன்னேன். இருபது வருடத்தில் ஒருவருடைய உண்மை வயதை ஒரு பிரெஞ்சுக்காரருக்கு முன்னால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. இந்த அறையில் பேசியது, பேப்பர் கொடுக்கும் அரசாங்கக் கந்தோரான பிரெபெக்தூருக்குப் போகாது என்றார் டொக்டர். நாற்பத்தொன்றை அழித்து இருபத்தொன்பது என்று எழுதினார். நான் பயந்த பிரெபெக்தூரிலிருந்து இன்றுவரை ஒருவரும் வரவில்லை.

பரம்பரைச் சோதனையில் ஒன்றும் அகப்படவில்லை. நாங்கள் சந்தோசப்பட்டோம், டொக்டர் சந்தோசப்படவில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியாத நோய் திரும்ப யாருக்கு வரும் என்றும் தெரியாது என்றார். யாழ்ப்பாணத்தில் அண்ணனையும் சோதிக்கச் சொன்னோம். இரண்டு சிறிய கட்டிகள் இருந்தன, புற்றாக மாறமுதலே வெட்டி எடுத்துவிட்டார்கள். பின்னேரமே வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்தாராம். அவருடைய பேரைச் சுமந்தவன் இங்கே மருந்து ஏற்றி ஏற்றிக் கறுத்துப்போனான். கொரோனா காலத்தில் தர்மிளாவைக்கூட ஆஸ்பத்திரிக்கு உள்ளே விடவில்லை. அவள் வாசலில் நிற்பாள்.

2021 ஒக்டோபரில் உதயன் போய்விட்டான். மரணப் பதிவில் ஸ்ரீஸ்கந்தராசா, வயது ஐம்பத்துமூன்று என்று எழுதினார்கள். படிவத்தை நிரப்பியது நான்தான்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு தர்மிளா என் மேசைக்கு வந்தாள். மகளைப் பற்றி ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருந்தது. இருபத்தொன்பது வயதிலிருந்து சோதிக்கவேண்டும், அதற்குமுன் இரத்தம் கண்டால் ஒருநாளும் பிந்தவேண்டாம் என்று இருந்தது. வாசித்துச் சொன்னேன். அவள் எழும்பவில்லை.

“நான் அண்டைக்கு வாய் திறக்காமல் இருந்திருந்தால், பிள்ளையை எத்தினை வயசிலை கூப்பிட்டிருப்பினம்?”

அவளுக்குத் தெரியும், என் வாயால் கேட்கத்தான் வந்திருந்தாள். வெட்கத்தில் எனக்கு அவளுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாற்பத்தொன்று என்றேன்.

“அது இவர் போன உண்மை வயசு, அண்ணை,” என்றாள்.