மருந்தடிக்காத வரிசைகள்

வேளாண் ஆராய்ச்சியில் இருப்பவர்களுக்கு வயது என்பது விருது அறிவிப்பு வரும்போதுதான் உறைக்கும். இளம் விஞ்ஞானி என்று ஒரு பிரிவு இருக்கும். அதைத் தாண்டியவர்களுக்குப் பணியின் நடுவில் இருப்போர் என்று இன்னொரு பிரிவு. இளம் விஞ்ஞானியாக இருக்கவேண்டிய வயதில் நான் தற்காலிக வேலையில், அடுத்தவர்கள் திட்டத்துக்கு இலை பறித்துக்கொண்டிருந்தேன். நிரந்தர வேலை கிடைத்துப் பெரியகுளம் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்தபோது அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். மிச்சம் இருந்தது நடுப் பிரிவு. அதற்கும் வயது வரம்பு உண்டு. நான் சொல்லப்போகும் வருடம்தான் எனக்குக் கடைசி வருடம். அதற்கப்புறம் வாழ்நாள் சாதனையாளர் விருதுதான். அதை வாங்குகிறவர்களைக் கைத்தாங்கலாகத்தான் மேடையேற்றுவார்கள்.

சால்வைக்கும் கேடயத்துக்கும் ஆசைப்பட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். அந்த விருதோடு சில வருடங்களுக்கு ஆராய்ச்சி நிதி வரும். சொந்தமாக ஒரு திட்டம், ஒரு உதவியாளர், ஒரு ஆய்வு மாணவி வைத்துக்கொள்ளலாம். எனக்கு வேண்டியிருந்தது அந்த மாணவிதான். காலையில் வந்து, "மேடம், அந்த மூணாவது வரிசை என்னமோ சரியில்ல" என்று சொல்ல ஒரு ஆள். நான் சொல்வதில் தப்பு கண்டுபிடிக்க ஒரு ஆள். பல வருடங்களாக என் வேலையைப் பற்றி நான் பேசியது முக்கால்வாசி என்னோடுதான். அதிலும் பாதி சண்டை.

பெரியகுளத்தில் மாடி வீட்டில் தனியாக இருந்தேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதன் பின்னால் பெரிய கதை எதுவும் இல்லை. பார்த்தார்கள், அமையவில்லை, அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். ஊர் விழுப்புரம் பக்கம். ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்வாள், சாப்பிட்டாயா என்பாள், மழை உண்டா என்பாள், பேச்சு முடிந்துவிடும். கூட வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமை மதியமே மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ குடும்பத்தைத் தேடி பஸ் ஏறிவிடுவார்கள். நான் துணி துவைப்பேன். ஒரு ஆள் துணி எவ்வளவு நேரம் துவைக்க முடியும்? கொடியில் காயப்போட்டு முடித்தபிறகும் சனிக்கிழமை முழுசாக மிச்சமிருக்கும்.

அதனால் காமயகவுண்டன்பட்டிக்குப் போய்விடுவேன். பெரியகுளத்திலிருந்து தேனி, தேனியிலிருந்து உத்தமபாளையம் வழியாகக் கம்பம், அங்கிருந்து டவுன் பஸ். வாரத்துக்கு ஒருமுறை போனால் போதும் என்று நிலையத்தின் சோதனைத் திட்டத்தில் இருந்தது. எனக்குப் போதவில்லை. அங்கே ஒரு பன்னீர் திராட்சைத் தோட்டத்தில்தான் என் சோதனை நடந்தது. தோட்டக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். அண்ணே என்று கூப்பிடுவேன், அவர் மனைவியை மதினி என்பேன். அவர் என்னை மேடம் என்பார்.

சோதனை இதுதான். மழைக்காலத்தில் திராட்சைக்கு ஒரு நோய் வரும். இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூத்து, பிறகு இலை கருகி, பிஞ்சுக் குலையும் உதிர்ந்துபோகும். தோட்டத்தில் செவட்டை என்பார்கள். அதற்குப் பயந்து பள்ளத்தாக்கு முழுக்க, மேகம் கூடினாலே மருந்தடிக்கும் இயந்திரத்தின் சத்தம் கேட்கும். அவ்வளவு வேண்டாம், இலை எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறது என்று பார்த்து அதற்கேற்ப அடித்தால் பாதி மருந்தே போதும் என்பது என் கட்சி. அதை நிரூபிக்க மூன்று விதமான வரிசைகள் வேண்டும். வழக்கம்போல அடிப்பது, என் கணக்குப்படி அடிப்பது, மூன்றாவது எதுவுமே அடிக்காமல் விடுவது. அடிக்காத வரிசை கெட்டுப்போனால்தான் அந்த வருடம் நோய் வந்தது என்பதற்கே சாட்சி. அது இல்லாவிட்டால், நோயே வரவில்லை, உன் கணக்கில் என்ன பெருமை என்று யாரும் கேட்கலாம். கேட்பார்கள்.

இதை அண்ணனுக்கு விளக்கிச் சொன்னேன். அந்த வரிசைகளின் நஷ்டத்துக்கு ஈடும் ஏற்பாடு செய்திருந்தேன். அவர் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. முதல் வருடம் மருந்தடிக்காத வரிசைகள் நான் எதிர்பார்த்தபடியே நாசமாயின. கருகிய இலைகளுக்கு நடுவே நின்று மனசுக்குள் சிரித்துக்கொண்டே படம் எடுத்தேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் வரப்பில் நின்று பார்த்தார்கள். அண்ணன் அவற்றுக்குப் பாவப்பட்ட வரிசைகள் என்று பேர் வைத்தார். நல்ல பேர் என்று நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விருதுக்கு இரண்டு பருவத்து முடிவு கேட்டிருந்தார்கள். இரண்டாவது பருவமும் முதல் பருவம் மாதிரியே அமைந்தால் என் விண்ணப்பத்தை அசைக்க முடியாது. முதல் சுற்றில் என் பேர் தேர்வாகியும் விட்டது. நேர்காணல் மட்டும்தான் பாக்கி. அந்த ஐப்பசியில் மழையும் நான் சொன்ன பேச்சைக் கேட்டதுபோலப் பெய்தது. சுற்றிலும் எல்லாத் தோட்டத்திலும் செவட்டை என்று புலம்பல். என் கணக்குப்படி அடித்த வரிசைகள் நன்றாக இருந்தன.

மருந்தடிக்காத வரிசைகளும் நன்றாக இருந்தன.

அந்த வாரங்களில் நம்பமுடியாமல் போய்ப் போய்ப் பார்த்தேன். குலைகள் பந்தலிலிருந்து கொழுகொழுவென்று தொங்கின. என் கணக்கே தப்போ, முதல் வருடம் பார்த்தது வேறு ஏதோ நோயோ, இத்தனை வருடமும் வீணோ என்றெல்லாம் குழம்பினேன். இதைக் கேட்க யாரும் இல்லை. நிலையத்தில் கேட்டால், முடிவு வராத சோதனைக்கு விருதா என்று பேச்சு கிளம்பும். அக்காவிடம் சொன்னால் திராட்சை நன்றாக இருக்கிறது என்று ஏன் அழுகிறாய் என்பாள். அழவும் செய்தேன், கம்பம் பஸ்ஸில், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. பக்கத்தில் இருந்த அம்மாள் தன் பையை என் மடிப்பக்கத்திலிருந்து நகர்த்திக்கொண்டார்.

பிறகு ஒரு காலை, பந்தலுக்கு அடியில் குனிந்து ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் வெளிறிய நீலமாகப் புள்ளிகள் காய்ந்திருந்தன. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்தால் காயும் நிறம் அது. பக்கத்து வரிசையிலிருந்து காற்றில் தெறித்ததாக இருக்கும் என்று உள்ளே போய்ப் பார்த்தேன். நடு வரிசையிலும் அதே நீலம், எல்லா இலையிலும் சீராக, அழகாக. கை தேர்ந்த ஆள் அடித்தது.

"அண்ணே, இங்கன யாரு மருந்தடிச்சா?"

பம்பு செட் பக்கம் நின்றிருந்த அண்ணன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. வெட்கம் கலந்த சந்தோஷம்தான் இருந்தது.

"நாந்தேன் மேடம். நீங்க வராத நாளாப் பாத்து அடிச்சேன். கண்டுபிடிக்க மாட்டீகன்னு நெனச்சேன்."

"எதுக்குண்ணே?"

"போன வருசம் என்ன பேச்சு பேசுனாக தெரியுமா? அந்தம்மா வந்து நின்னாலே கொடி பட்டுப்போகுது, ராசியில்லாத பொம்பளன்னு வரப்புல நின்னு சிரிக்கிறாக. ஒத்தையில அம்புட்டு தூரத்துல இருந்து வாறீக, வெயில்ல நிக்கிறீக. அதப் பாத்துட்டு அப்படிப் பேசுனா எனக்கு எப்படி இருக்கும்?"

"நான் சொன்னேன்ல அண்ணே, அதுக்கு அடிக்கக் கூடாதுன்னு."

"சொன்னீக. ஆபீசுல மருந்து பத்தலபோல, அத வெளிய சொல்ல சங்கடப்பட்டுக்கிட்டு ஏதோ சொல்றீகன்னு நெனச்சேன். கேட்டா வருத்தப்படுவீகல்ல. அதேன் என் கைக்காசுல மருந்து வாங்கி அடிச்சேன். இப்பப் பாருங்க, ஒரு பயலும் வாயத் தொறக்க மாட்டேங்குறான்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பொய் சொல்லவில்லை, அந்த மனிதரைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. பம்பு செட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் நான் முனகியது யாருக்கும் கேட்டிருக்காது. மதினி டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "தல வலிக்குதாக்கும். வெயிலுக்குத் தொப்பி போட்டுட்டு வரப்புடாதா" என்று கடிந்துகொண்டு போனார்.

காபியைக் குடித்தேன். ராசியில்லாதவள் என்ற சொல் எனக்குப் புதிது இல்லை. சொந்தத்திலேயே ஜாடைமாடையாகக் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டு என் சார்பில் ஒருவர் ரோஷப்பட்டது மட்டும்தான் புதிது. அப்படி ஒருவர் முதல்முறையாக ரோஷப்பட்டு, கையில் மருந்துக் குழாயை எடுத்து, என் கடைசி வருடத்தின் மேல் அடித்துவிட்டார். எழுந்து வெளியே வந்தபோது அவர் ஒரு குலையை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "சாப்பிட்டுப் பாருங்க" என்றார். சாப்பிட்டேன். நல்ல இனிப்பு. அவர் செய்தது என்ன என்று அன்றைக்குச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று வந்துவிட்டேன்.

நிலையத்தில் அடுத்த அறைக்காரர், என்னைவிட மூத்தவர், கெட்டவர் இல்லை, விஷயத்தைக் கேட்டுவிட்டு கதவைச் சாத்தினார். "போன வருஷத்து எண்களையே கொஞ்சம் கூட்டிக் குறைச்சுப் போட்டுடுங்க. விருதுக் குழுவில இருக்கறவங்க கம்பத்துக்கு வந்து கொடியையா கேக்கப் போறாங்க?" என்றார். நேர்மையால் மறுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் பயம். என் எண்களை நம்பி நாளைக்கு ஒருவர் மருந்தைக் குறைத்து, குலையெல்லாம் உதிர்ந்து நின்றால், அவர் வயிற்றெரிச்சல் என்னைச் சும்மா விடாது. அப்புறம் எனக்கு என்றைக்கும் தூக்கம் வராது.

நேர்காணல் கணினித் திரையில்தான் நடந்தது. சேலை மட்டும் நல்லதாகக் கட்டிக்கொண்டு என் மாடி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது பருவத்தில் மருந்தடிக்காத வரிசைகளில் மருந்து அடிக்கப்பட்டுவிட்டது, அதனால் அந்த முடிவுகளைக் கணக்கில் எடுக்க முடியாது, இன்னொரு பருவம் வேண்டும் என்று சொன்னேன். திரையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எந்தத் திசையில் பார்த்தார்கள் என்றுதான் புரியவில்லை. தலைவராக இருந்தவர் இதமாகவே கேட்டார்.

"ஒத்துழைத்த விவசாயி அறிவுரையைப் பின்பற்றவில்லை என்று குறித்துக்கொள்ளலாமா?"

அது எனக்கு நீட்டிய கை. அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் அனுதாபமாவது தேறியிருக்கும். ஆனால் அந்த மனிதரை அங்கே, அந்தத் திரையில், சொன்னபடி கேட்காத ஒருவராக நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

"வேண்டாம் சார். நான் அவருக்குச் சரியாகப் புரியவைக்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள்."

நன்றி சொன்னார்கள். திரை அணைந்தது. அதில் என் முகம் மட்டும் கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரிந்தது. எழுந்துபோய் அந்த நல்ல சேலையோடேயே பாத்திரம் கழுவினேன்.

முடிவு ஒரு முற்பகலில் வந்தது. என் பேர் இல்லை. வந்த பேர்களில் இரண்டு பேரை எனக்குத் தெரியும், தகுதியானவர்கள். திட்டக் காலமும் அந்த மாதத்தோடு முடிகிறது, நீட்டிக்க வழியில்லை என்று நிலையத்தில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். போனைக் கையில் எடுத்தேன். யாருக்குச் சொல்வது என்று பேர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். கேஸ் கம்பெனி, வங்கி, வீட்டுக்காரர், அக்கா. அக்கா கேட்பாள், அதனால் சம்பளம் குறையுமா என்று. போனைப் பையில் போட்டுக்கொண்டு தேனி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது. அண்ணே, நீங்கள் செய்தது என்ன தெரியுமா என்று நிதானமாக, குரலை உயர்த்தாமல். அவருக்கும் தெரியவேண்டும் அல்லவா? தெரியாமல் அவர் மட்டும் நிம்மதியாக இருப்பது என்ன நியாயம்? சின்னமனூர் தாண்டும்போது கோபமாக இருந்தேன். உத்தமபாளையத்தில் இன்னும் கோபமாக இருந்தேன்.

தோட்டத்தில் அண்ணன் கொடிகளைக் கவாத்து வெட்ட ஆள் விட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தரிக்கோலை இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தார். விருதுக்கு விண்ணப்பித்திருப்பதை அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன்; வேலை நாளில், சொல்லாமல் வந்திருக்கிறேன் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

"என்ன மேடம், அந்த விருது?"

"வரலண்ணே."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவர் முகம் சிவந்தது. கவாத்து ஆட்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம் போட்டார்.

"யாரு அவக? ஒருநா, ஒரே ஒருநா, இங்கன வந்து பாத்தாகளா? உக்காந்த எடத்துலயே ஆளத் தள்ளிவிட்டாகளா? என்னையக் கூப்பிட்டுக் கேட்டா நான் சொல்லியிருப்பேன்ல. மழையில கொட பிடிக்க ஆளில்லாம நின்னு எல எண்ணுனத நான் பாத்திருக்கேன், அவக பாத்தாகளா? கண்ணவிஞ்ச பயலுக!"

பஸ்ஸில் ஒத்திகை பார்த்ததைச் சொல்ல அதுதான் சமயம். என் பக்கம் நின்று கோபப்பட இந்தப் பள்ளத்தாக்கில் மட்டுமில்லை, எங்கேயுமே எனக்கு இருந்தது அந்த ஒரு மனிதர்தான். அவரிடமிருந்து அதைப் பிடுங்கினால் எனக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை என்று அந்த இடத்தில் நன்றாகத் தெரிந்தது.

அவர் கிட்டே வந்து, ஆட்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"விடுங்க மேடம். வாற மழைக்கு அந்தப் பாவப்பட்ட வரிசைகளுக்கு இன்னும் ரெண்டு தடவ சேத்து அடிக்கிறேன். அப்புறம் எப்படித் தராமப் போறாகன்னு பாப்போம்."

"சரிண்ணே, அடிங்க" என்றேன்.