கிரந்தி என்று விட்ட சூடை

அன்று ஆஸ்பத்திரியின் பல் அறையில் இருந்தது நாலு பேர்: பல் டொக்டர், பக்கத்தில் நின்ற நர்ஸ் மிஸ்ஸி, என்னைக் கூட்டிக்கொண்டு வந்த மச்சாள், வாயைத் திறந்தபடி நான். நடந்ததற்குச் சாட்சி இருக்கிறது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கீழ் வரிசையில் முன்பல் இரண்டு ஆடத் தொடங்கியிருந்தன. பல்லைச் சுற்றின முரசு எப்போதும் வீங்கியே கிடந்தது. மெத்தென்ற பாண் துண்டைக் கடித்தாலும் இரத்தம். நான் தையல்காரி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தே பழகினவள். பல் போனால் அளவு கொடுக்க வருகிற பெண்களுக்கு முன்னால் எப்படிச் சிரிப்பது என்று யோசித்தே பாதி உயிர் போயிற்று.

முதல் தரம் போனபோது டொக்டர் முரசுக்குள்ளே சுரண்டித் துப்புரவாக்கினார். பிறகு என்ன சாப்பிடுகிறேன் என்று விசாரித்தார். சூடை, சாளை மீன் பக்கமே போவதில்லை என்று பெரிய கெட்டிக்காரி மாதிரிச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் அதெல்லாம் கிரந்தி. வீக்கம் உள்ளவர் தின்றால் புண்ணைக் கிளப்பிவிடும் என்பார்கள். அதனால் வருடக்கணக்காகப் பருப்பும் பொரித்த கிழங்கும்தான்.

அவர் சிரிக்கவில்லை. அந்த மீன்களில் இருக்கிற கொழுப்பு வேறு மாதிரியானது, வீக்கம் தணிய உதவும், பொரிக்காமல் குழம்பாக ஆணம் காய்ச்சித் தின்னுங்கள் என்றார். "ஆனா மீனை நம்பி பிரஷ்ஷ விட்டிராதீங்க. துப்புரவுதான் மருந்து. மீன் அதுக்குக் கூட்டாளி."

பயந்து பயந்துதான் முதல் சூடையைத் தின்றேன். தின்றுவிட்டு, போய்ப் போய்க் கண்ணாடியில் முரசைப் பார்த்தேன். மச்சாள் வேலிக்கு அங்கால நின்று, "என்னகா, கிரந்தி எழும்பிட்டா?" என்று கேட்பாள். ஒன்றும் எழும்பவில்லை. காலையும் இரவும் பிரஷ்ஷையும் விடவில்லை. மீன்காரத் தம்பியின் ஹோர்ன் கேட்டால் வாசல் படலையில் முதல் ஆள் நான்தான். எந்த நாளும் சூடையா, வீட்டில் பூனை வளர்க்கிறீங்களா அக்கா என்றான். பூனை நான்தான் என்றேன். தையல் காசு கைக்கு வராத கிழமைகளிலும் அவன் கடனுக்கு மீன் தராமல் போனதில்லை.

அப்படிச் சில மாதம் போன பிறகுதான் நாலு பேரும் அந்த அறையில் இருந்தோம். டொக்டர் மெல்லிய கம்பியால் முரசைச் சுற்றித் தொட்டுப் பார்த்தார். ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் இரத்தம். பிறகு ஆடின பல்லை விரலால் அசைத்தார்.

"கழட்டத் தேவையில்ல. பிடிச்சிட்டு."

துப்புரவாலா, மீனாலா என்று பிரித்துச் சொல்ல ஏலாதாம். இரண்டையும் விடாமல் செய்தவ இவதான் என்று மிஸ்ஸிக்கு என்னைக் காட்டினார். வெளியே வந்ததும் மச்சாள், தனக்கும் நாளைக்கு அரைக் கிலோ சூடை சொல்லிவைக்கச் சொன்னாள்.

இப்போது நூலைக் கத்தரிக்கோலால் வெட்டுகிறேன். எதற்கெடுத்தாலும் பதறுகிற நான் இந்தக் கடனை மட்டும் பல் தெரியச் சிரித்துக்கொண்டே சொல்வேன்: மீன்காரத் தம்பிக்குக் கொடுக்க இன்னும் இரண்டாயிரத்து நானூறு ரூபா.