சிட்டிபாபு மூடாத லேப்டாப்

எங்கள் ஆபீசில் காலையில் யாரும் யாரையும் "சாப்டியா?" என்று கேட்பதில்லை. சிட்டிபாபு அண்ணன் முந்திக்கொள்வார். "இன்னா ஷர்மிளா, டீமக்ஸ் போட்டியா?" இதுதான் அவருடைய வணக்கம். பதினோரு வருடமாக இதையேதான் கேட்கிறார் என்கிறார்கள். நான் வந்து நாலு வருடம்தான் ஆகிறது. அதற்கே எனக்குக் காது புளித்துவிட்டது.

தாம்பரம் முடிச்சூர் ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கிறோம். மொத்தம் ஐந்து பேர். ஸ்கேன் சென்டர்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் பிழைப்பு. சர்வர் எங்கோ இருக்கும். நாங்கள் இங்கே உட்கார்ந்து கறுப்புத் திரையில் கட்டளை அடித்து அதை வேலை வாங்குவோம். நடுவில் நெட் அறுந்தால் ஓடிக்கொண்டிருக்கும் வேலையும் அதோடு செத்துவிடும். டீமக்ஸ் என்ற மென்பொருளுக்குள் தொடங்கினால் சாகாது. ஒரே திரையை நாலு பாகமாகப் பிரித்து நாலு வேலை ஓட்டலாம், விட்டுவிட்டு வீட்டுக்கும் போகலாம். திரும்பி வந்தால் எல்லாம் விட்ட இடத்தில் நிற்கும். "நீ வெளிய போனா வூட்டுல ஃபிரிட்ஜு நின்னுடுதா? அது பாட்டுக்கு ஓடிக்கினு கீதுல்ல? அவ்ளோதான்" என்பார் அண்ணன்.

பொழிச்சலூர்க்காரர். பரம்பரை நிலமெல்லாம் வீட்டு மனையாகி, அவர் பங்குக்கு வந்த இரண்டு வீட்டு வாடகையே குடும்பத்துக்குப் போதும். ஆனாலும் தினமும் ஒன்பது மணிக்கு டிபன் பாக்ஸோடு வந்துவிடுவார். வேலை பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். இப்படி ஒரு மனுஷனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போன வருடம் ஒருநாள் நான் டீமக்ஸ் போட மறந்ததால் ஆறு மணி நேர வேலை பாழானது. அழுதே விட்டேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, முடியும்வரை கூடவே உட்கார்ந்திருந்தார். அதனால்தான், சென்ற மாதம் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் புது சர்வர் அமைத்தபோது, யார் தம் கணக்கில் உள்ளே நுழைந்தாலும் டீமக்ஸ் தானாக வரும்படி செய்யட்டுமா என்று கேட்டேன். அண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கெல்லாம் வெச்சுக்க. என் கணக்குக்கு வேணாம். நான் மறக்கிற ஆளா?"

அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை அவர் தங்கை சந்திரிகாவுக்குக் கல்யாணம். திருநீர்மலை அடிவாரத்தில் மண்டபம். நான் போனபோது வேடிக்கையான காட்சி. பட்டுவேட்டி கட்டிய சிட்டிபாபு அண்ணன், திறந்த லேப்டாப்பை ஆரத்தித் தட்டுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வருகிறவர்களை வரவேற்கிறார். சட்டைப் பையில் நெட்டுக்கு போன். பின்னால் ஒயர் வால்போல இழுபடுகிறது.

"என்னண்ணா இது?"

"சும்மா, சின்ன வேலை. நீ போய் டிபன் சாப்டு."

பெரியப்பா முறையில் ஒருவர் லேப்டாப்புக்கு முன்னால் குனிந்து, "அமெரிக்காவுக்கு லைவ் ஓடுதா?" என்று கேட்டுக் கையாட்டினார். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்து கையாட்டினார்கள். அண்ணன் எல்லாருக்கும் சிரித்து வைத்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏதோ ஒரு எழுத்தைத் தட்டினார்.

மணவறையிலிருந்து சந்திரிகா பார்த்துக்கொண்டே இருந்தாள். முகம் சுண்டிப் போயிருந்தது. "அண்ணா, பொரி போடும்போதாவது ரெண்டு கையாலயும் போடு" என்றாள். எனக்கே சங்கடமாகிவிட்டது.

ஹோமத்தில் பொரியிட அண்ணனை ஐயர் கூப்பிட்டார். அவர் லேப்டாப்பை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மேலே ஏறினார். தங்கையின் கையில் இரண்டு கையாலும் பொரியை அள்ளிப் போட்டார். அந்த நேரம் அவர் அம்மா பச்சையம்மா தாம்பூலத் தட்டு வைக்க இடம் தேடி வந்தார். "எம்மா நேரமா இது தொறந்தே கெடக்குது, கரண்ட்டு தண்டம்" என்று டப்பென்று மூடி, அதன்மேல் தட்டை வைத்தார்.

மூடிய சத்தம் மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அண்ணனுக்குக் கேட்டது.

அவர் இறங்கி வந்து, தட்டைத் தள்ளி வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்து பார்த்தார். இணைப்பு அறுந்துவிட்டது என்று திரை சொன்னது. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய்க் கேட்டேன். அப்போதுதான் வாய் திறந்தார்.

சனிக்கிழமை மதியம் நலங்குக்கு வண்டி வாசலில் ஹாரன் அடிக்க, அவசரத்தில் அந்தப் புது சர்வருக்குள் நுழைந்து வேலையைத் தொடங்கியிருக்கிறார். பழைய சர்வரிலிருந்து பதிமூன்று வருட நோயாளிகளின் விவரங்களைக் கொண்டுவரும் வேலை. ஒரே பெயரில் இருவர் வந்தால், இருவரும் ஒருவரா என்று அது நின்று கேட்கும், பதில் சொன்னால்தான் மேலே போகும். டீமக்ஸ் போடவில்லை என்பது அரைமணி நேரம் கழித்துத்தான் உறைத்திருக்கிறது. நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இருபது மணி நேரம். பழைய சர்வரையோ அன்று மாலை ஆறு மணிக்கு நிறுத்திவிடுவார்கள்.

"நாளைக்கு காலைல ஏழு மணிக்கு சென்டர் தொறப்பாங்க ஷர்மிளா. பழைய ரிப்போர்ட் கேட்டு வர்றவங்களுக்கு இன்னா சொல்றது? ஊருக்கெல்லாம் சொன்னேன், நானே போடல." அதற்குமேல் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அண்ணா, திரும்ப உள்ள போங்க."

"போயி?"

"போங்கண்ணா, சொல்றேன்."

போனார். கறுப்புத் திரை ஒரு கணம் இமைத்தது. அடுத்த கணம் அதே வேலை, அதே இடம். ஒரே பெயருள்ள இரண்டு முத்தாலம்மாள்கள், இருவரும் ஒருவரா என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

"நீங்க வேணாம்னு சொன்னதை நான் கேக்கல. உங்க கணக்குக்கும் டீமக்ஸ் தானா வர்ற மாதிரி வெச்சிட்டேன். டீமக்ஸ் ஓடுதுன்னு திரைக்கு அடியில காட்டுற பச்சைப் பட்டை தெரிஞ்சா கோவிச்சுப்பீங்கன்னு அதை மட்டும் மறைச்சேன். திங்கக்கிழமை சொல்லலாம்னு இருந்தேன்" என்றேன்.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அப்போ நேத்து மதியத்துலேர்ந்து இதை எதுக்குடி தூக்கிக்கினு திரிஞ்சேன்?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பெரியப்பா முறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒருமுறை அமெரிக்காவுக்குக் கையாட்டினார்.

சடங்கு முடிந்து மேடையிலிருந்து இறங்கிய சந்திரிகா, பந்திக்குப் போகும் வழியில், "அண்ணா, சாப்பிட வா" என்று கூப்பிட்டாள். அண்ணன் இரண்டு முத்தாலம்மாள்களின் பிறந்த தேதியையும் ஒப்பிட்டுப் பார்த்து, "இல்லை" என்று தட்டினார். பிறகு லேப்டாப்பைத் தன் கையாலேயே மூடி, அம்மாவின் தாம்பூலத் தட்டை எடுத்து அதன்மேல் வைத்துவிட்டு, தங்கைக்குப் பக்கத்து இலையில் போய் உட்கார்ந்தார்.