இங்கேயே போட்ட ஊசி

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸுக்குப் பட்டாளத்தம்மா என்று பட்டப்பெயர். அவள் ஓர் அதட்டல் போட்டால் காய்ச்சல்கூட இறங்கிவிடும் என்பார்கள். ஆனால் மாரடைப்பு என்று யாராவது வந்தால் மட்டும் அந்த அதட்டல் பலிக்காது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழி இருந்ததில்லை. பலர் பாதி வழியிலேயே போய்ச் சேர்ந்தார்கள்.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை இனி இங்கேயே போடலாம் என்று உத்தரவு வந்த வாரம், ஒரு பஸ் டிரைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"வெறும் வாயுதான் சிஸ்டர். மாத்திரை குடுங்க, வண்டி நிக்குது."

அவள் விடவில்லை. ஈசிஜி எடுத்து, அதைப் படம்பிடித்து நகரத்து இதய டாக்டருக்கு அனுப்பினாள்.

"மாரடைப்புதான். ஊசியைப் போடுங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்றார் அவர்.

பக்கத்தில் நின்ற இளம் டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் ஊசி மருந்தைக் கையில் எடுத்து, "போட்டுடலாம் சார்" என்றாள்.

மருந்து ஏறியது. அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. மெல்ல மெல்ல டிரைவரின் வேர்வை அடங்கியது. மறுபடி எடுத்த ஈசிஜியில், முன்பு தூக்கிக்கொண்டிருந்த கோடும் இறங்கிச் சீராகியிருந்தது.

"நெஞ்சு மேல உக்காந்திருந்த ஆளு எறங்கிட்டான் சிஸ்டர்."

"டிக்கெட் எடுக்காம ஏறினவனா இருக்கும்" என்றாள்.

மேற்கொண்டு பார்க்க அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் கிளம்பியது. உள்ளிருந்து கையசைத்தார். பட்டாளத்தம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்து, யார் பார்த்தால் என்ன என்று ஒரு மூச்சு அழுது தீர்த்தாள். பிறகு தானாகவே சிரிப்பு வந்தது.