ஒலிபெருக்கியில் முன்மொழியப்பட்ட பாஸ்வேர்ட்

தொண்ணூறுகளின் கடைசியில் ஆயர் குரோ நகரில் ஒரு சின்னக் கணினி நிறுவனத்தில் எனக்கு வேலை. அதற்கு முன் காப்புறுதிப் பாலிசி விற்றுக்கொண்டிருந்தேன். அதாவது, விற்க முயன்றுகொண்டிருந்தேன். நாவல்களாகப் படித்துத் தள்ளியவன், தடித்த கையேட்டைக் கண்டால் பயப்படமாட்டான் என்று முதலாளி கணக்குப் போட்டார். அந்தக் கணக்கில்தான் ஒரு மின்னஞ்சல் சர்வரை, நாற்பதைத் தாண்டிய, மூக்குக்கண்ணாடியைத் தேடியே பாதி நாளைக் கழிக்கிற ஒருவனிடம் ஒப்படைத்தார்.

ஒரே இயந்திரத்துக்குள் பலரைக் குடிவைப்பதுதான் வேலை. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் சொந்தமாக ஒரு டொமைன், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர். வெளியிலிருந்து பார்த்தால் ஆளுக்கொரு தனி பங்களா. உள்ளே எல்லாரும் தோட்டத் தொழிலாளர் லயம் மாதிரி ஒரே கூரைக்குக் கீழேதான்.

முதலாளிக்குப் பக்தி உண்டு. நான் பிறந்த செம்பனைத் தோட்டத்துக் கோயிலுக்கு ஒரு டொமைனை இலவசமாகக் கொடுத்தார். மணி உபயம், டியூப் லைட் உபயம் பார்த்த கமிட்டிக்கு ஈமெயில் உபயம் புதிது. ஆனால் தேவை இருந்தது. தோட்டத்தை விற்றாகிவிட்டது. வாங்கிய வீடமைப்புக் கம்பெனி மரங்களைத் தள்ளிவிட்டு வீடு கட்டப்போகிறது; கோயிலுக்கு மாற்று நிலம் தருவதாக வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தது. கமிட்டி ஆட்கள் குருபோங் வட்டாரத் தொழிற்சாலைகளில் ஆளுக்கொரு ஷிப்டாகச் சிதறிக் கிடந்தார்கள். கம்பெனி அதிகாரியோ, இனி எல்லாமே ஈமெயிலில்தான் என்று பெருமையாக அறிவித்திருந்தார்.

கோயில் செயலாளர் தொழிற்சாலை ஸ்டோர் ஒன்றில் வேலை பார்த்தார். என்னைவிடச் சில வயது மூத்தவர்; அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு ஒரே ஒரு பயம். முந்தைய செயலாளர் தோட்ட மானேஜரின் கடிதம் ஒன்றை மறைத்துவிட்டார் என்று எப்போதோ ஒரு பேச்சு கிளம்பியது. உண்மையா என்று யாரும் பார்க்கவில்லை. அந்த மனிதர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பாதித் தோட்டம் போகவில்லை, அவ்வளவுதான். அண்ணனுக்கும் கல்யாண வயதில் மகள் இருந்தாள்.

"பேரு கெட்டுப்போச்சுன்னா நம்ம ஆளுங்ககிட்டருந்து திரும்ப வாங்கவே முடியாது தம்பி" என்பார்.

ஆரம்பத்தில் சர்வருக்கு @ குறிக்கு முன்னால் இருப்பதை மட்டுமே பார்க்கத் தெரியும். மீன் வியாபாரிகள் சங்கம் ஒன்றும் எங்கள் வாடிக்கை. அங்கேயும் ஒரு செயலாளர். இரண்டு செயலாளர்களையும் ஒரே ஆள் என்று சர்வர் முடிவுகட்டிவிட்டது. கோயிலுக்கு வந்த முதல் மின்னஞ்சல் இறால் விலையைப் பற்றியது. அண்ணன் அதற்கும் பணிவாக, தங்கள் கடிதம் கிடைத்தது, கமிட்டியில் வைக்கிறோம் என்று பதில் போட்டுவிட்டார்.

அதன் பிறகு நான் கையேட்டோடு குடும்பம் நடத்தினேன். ஒவ்வொரு டொமைனுக்கும் தனித்தனிப் பயனர் பட்டியல், தனித்தனி பாஸ்வேர்ட். உள்ளே வருகிறவர் தான் செயலாளர் என்று சொன்னால் மட்டும் போதாது. எந்த டொமைனின் செயலாளர் என்றும் சேர்த்துச் சொல்லவேண்டும். சில மென்பொருள்கள் @ குறியைக் கண்டதும் மீதியை விழுங்கிவிட்டன. அவற்றுக்கு அந்த இடத்தில் சதவீதக் குறி போடச் சொன்னேன். ஒருவழியாக ஓடியது. இறால் தன் வீட்டுக்குப் போனது, அம்மன் தன் வீட்டுக்குத் திரும்பினாள். என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் யாரும் குறை சொல்லாத ஒரே படைப்பு அந்த அமைப்புக் கோப்புதான். படித்தது இயந்திரம் மட்டும் என்பது காரணமாக இருக்கலாம்.

பாஸ்வேர்டை அண்ணன் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

"நான் மட்டும் பாக்குற பெட்டியா? வேற வெனையே வேணாம் லா. கமிட்டியில வச்சு முடிவு பண்ணுவோம்."

வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். கோயில் வாசலில் மேசை, மைக், தென்னையில் கட்டிய புனல் ஸ்பீக்கர். அம்மன் பெயரையே பாஸ்வேர்டாக வைக்கலாம் என்றார் கமிட்டித் தலைவர்.

"ஆட்டுக்கறி தின்ன கையால அம்மன் பேர தட்டச் சொல்றீங்களா தலைவரே?" என்றது பின்வரிசை.

நீண்ட விவாதம். முடிவில் தோட்டத்தின் பழைய டிவிஷன், அதாவது பிரிவு, ஒன்றின் பெயர் மைக்கில் முன்மொழியப்பட்டு, மைக்கில் வழிமொழியப்பட்டு, எழுத்துக்கூட்டி இரண்டு தரம் அறிவிக்கப்பட்டது. தூரத்தில் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டிருந்த லோரிக்காரருக்கும் மனப்பாடம் ஆகியிருக்கும்.

நான் எழுந்து, பாஸ்வேர்ட் என்றால் என்ன என்று ஆரம்பித்தேன்.

"தம்பி நெறைய படிச்சிருச்சு, அதான் எல்லாத்தையும் மூடி வைக்கப் பாக்குது" என்றார் தலைவர். "கோயில் காரியத்துல என்னா லா ரகசியம்?"

கைதட்டினார்கள். எல்லாரையும்விட அதிகமாகத் தட்டியவர் அண்ணன்தான்.

அந்தக் காலத்து மின்னஞ்சலுக்கு ஒரு குணம். பெட்டியைத் திறப்பவரின் கணினிக்குக் கடிதம் இறங்கிவிடும். சர்வரில் எதுவும் மிஞ்சாது. முதலில் வந்தவர் வாரிக்கொண்டு போனால் அடுத்தவருக்குக் காலிப்பெட்டி. இதையும் சொல்லி, அண்ணன் மட்டும் திறக்கட்டும் என்று கெஞ்சினேன். தலையாட்டினார்கள். பிறகு ஆளாளுக்கு சைபர் கபேயிலும் மச்சான் வீட்டிலும் ஆசைக்கு ஒருமுறை திறந்து பார்த்துக்கொண்டார்கள்.

நிலத்தைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. வேலை முடிந்ததும் அண்ணன் மோட்டார் சைக்கிளில் எங்கள் ஆபீசுக்கு வந்து, என் மேசையிலேயே பெட்டியைத் திறந்து பார்ப்பார். காலி. "பெரிய கம்பெனி, மெதுவாத்தான் வரும்" என்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார்.

கடைசியில் வந்தது, தபாலில். நிலத்தைக் காட்டுவதற்கு நாள் குறித்து ஈமெயில் அனுப்பினோம்; யாரும் வரவில்லை; கோயிலுக்கு விருப்பமில்லை என்று கருதி அந்த இடத்தை மின்சாரத் துணைநிலையத்துக்கு ஒதுக்கிவிட்டோம்; வருந்துகிறோம். தலைவர் நேரில் போய்ப் பேசிப் பார்த்தார். அங்கேயும் வருந்தினார்களாம்.

மறுபடி கூட்டம், மறுபடி மைக். ஈமெயில் வந்ததா இல்லையா என்று சொல்ல என்னை அழைத்தார்கள். சர்வர் பதிவுகளைப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். வந்திருந்தது. அன்றைக்கே யாரோ திறந்து எடுத்திருந்தார்கள். டெலிபோன் வழி வந்த இணைப்பு. எந்த வீடு, எந்தக் கடை என்று கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை.

"யாரு தொறந்தாங்கன்னு மிஷின் சொல்லுதா?"

"செயலாளர்னு சொல்லுது. ஆனா..."

அந்த 'ஆனா'வைத் தாண்டி என் குரல் எழவில்லை. கூட்டம் அப்படி இரைந்தது. பாஸ்வேர்ட் தெரிந்த யார் வந்தாலும் மிஷின் செயலாளர் என்றுதான் எழுதும் என்று மைக்கைப் பிடித்துக் கத்தினேன். சட்டென்று அடங்கினார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் தொறக்கல லா."

"எனக்குக் கம்ப்யூட்டரே ஆகாது."

"நான் தொறந்தேன், ஆனா அதுக்கு முந்தின மாசம்."

ஆள் ஆளாகக் கழன்றுகொள்ள, மிச்சமிருந்தவர் அண்ணன் ஒருவர்தான். அவர் எழுந்து நின்றார்.

"அம்மன் மேல சத்தியமா அந்த ஈமெயில நான் கண்ணால பாக்கல."

"போன செயலாளரும் இதத்தான் சொன்னாரு" என்றது பின்வரிசை.

அண்ணன் பொறுப்பிலிருந்து விலகினார். யாரும் வேண்டாம் என்று தடுக்கவில்லை. அவர் மகளைப் பார்த்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார் அதன் பிறகு பேசவில்லை. காரணம் வேறாகவும் இருக்கலாம். ஆனால் அவர் வேறு காரணம் எதையும் தேடவில்லை. அம்மனைப் பிறகு குருபோங்கில் ஒரு மூலை வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் குடிவைத்தார்கள்.

அதற்கு முன்பு, இடிக்காமல் விட்டிருந்த கடைசி லயத்தில் அவரை ஒருநாள் பார்க்கப் போயிருந்தேன். சாயங்காலம். அண்ணன் வீட்டு அக்கா பால் விடாத தே ஓ கலக்கிக் கொடுத்தார். மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். கோயில் பக்கம் ஸ்பீக்கர் கரகரத்தது. புதிய செயலாளரின் முதல் கூட்டம். முதல் தீர்மானம், பாதுகாப்பு கருதி பாஸ்வேர்டை மாற்றுவது. மைக்கில் முன்மொழிந்தார்கள். மைக்கில் வழிமொழிந்தார்கள்.

அண்ணன் பதறி எழுந்து ஜன்னலைச் சாத்தினார். பலகைச் சுவர், சாத்தி என்ன பயன்? எழுத்துக்கூட்டி இரண்டு தரம் சொன்னதும் வீட்டுக்குள் சுத்தமாகக் கேட்டது.

ஜன்னல் கொக்கியிலிருந்து கையை எடுக்காமலேயே கேட்டார்.

"தம்பி, இது எனக்குத் தெரியாதுன்னு அந்த மிஷின்கிட்ட சொல்லி வைக்க முடியுமா?"