மாதிரி மீன்

கூடலூரிலிருந்து குமுளிக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிப் போகிற ஜீப் என்னுடையது. ஆற்று மீன்களில் இன்னும் எத்தனை வகை மிஞ்சியிருக்கின்றன என்று பார்க்க மதுரையிலிருந்து பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்தபோது, வண்டிக்கு நானும் வலைக்கு என் சேக்காளியும் என்று ஆனது. "நாங்க மீனத் திங்கிற ஆளுக. நீங்க அதுக்குச் சாதகம் எழுதுற ஆளுக" என்று முதல் நாளே அவர்களைச் சிரிக்க வைத்துவிட்டான்.

முல்லையாற்றில் பிடித்த மீனை அளந்து, படமெடுத்து, மறுபடி தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். அவனுக்கு அதுதான் பொறுக்காது. "ஏலே, கைக்கு வந்த குழம்பு நீந்திப் போகுதுடா" என்று என் காதில் முனகுவான்.

வால் மட்டும் சிவந்த கெண்டை ஒன்று உண்டு. நாங்கள் சிவப்புவால் என்போம். அதென்றால் அவனுக்கு உயிர். அந்த முறை ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது, அதுவும் வலையிலேயே செத்துப்போனது. அதை மட்டும் மருந்து ஊற்றிய குப்பியில் போட்டு மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

அப்புறம் மஞ்சள்காமாலை வந்து அவன் போய்விட்டான்.

வருடம் திரும்பப்போகும் நேரத்தில் அவன் மனைவி வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, வருசப் படையலுக்குச் செவப்புவாலு வேணும். ஆசுபத்திரியில கெடக்கையில அதத்தேன் கேட்டாக. பத்தியம்னு நாந்தேன் குடுக்கல."

இதைக் கேட்டபிறகு சும்மா இருக்க முடியுமா? அவளையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பை எடுத்தேன். உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஆற்றோரம் வலை போடுகிறவர்களை எல்லாம் கேட்டோம். கடைசியில் வைகை அணை. அங்கே ஜிலேபிக் கெண்டையாகக் குவித்து வைத்திருந்த மீன்கார அம்மா, "செவப்பு வாலா? பிரேக் லைட்டு போட்ட மீனு ஒங்க ஜீப்புக்குப் பின்னாடிதேன் இருக்கும், போய்ப் பாருங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவள் சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில் அவளாகவே கேட்டாள். "அவுக பிடிச்சது ஒண்ணு காலேஜில இருக்குல்ல? கெட்டுப்போகாம வச்சிருக்காகளாம்ல?"

கெட்டுப்போகவில்லை என்பது உண்மைதான். மிச்சத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மதுரைக்குக் கூட்டிப்போனேன்.

எங்களோடு ஓடையோடையாக அலைந்த மாணவிதான் குப்பியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தது. உள்ளே மீன் வெளுத்துச் சுண்ணாம்பாகக் கிடந்தது. வாலும் வெளுப்பு.

"இது அந்த மீனு இல்ல ஆத்தா. அதுக்கு வாலு செக்கச்செவேல்னு இருக்கும்."

"அதேதான்க்கா. மருந்துல கிடந்தா நிறம் போயிடும். இதச் சமைக்க முடியாதுக்கா, விஷம். இது மாதிரி."

"எது மாதிரி?"

"மாதிரின்னா... அந்த மீனுக்கு அடையாளமா எடுத்து வைக்கிறது."

"அப்ப நெசம் எங்கிட்டு இருக்கு?"

"இந்த வருஷமும் தேடினோம்க்கா. கிடைக்கல."

அவள் குப்பியை வாங்கி முந்தானையால் துடைத்தாள். அதில் தூசி ஒன்றும் இல்லை. துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

படையலன்று வாசலிலேயே மீன் குழம்பு வாசம். புளியும் வறுத்த மல்லியுமாக, அவன் வீட்டில் நான் எத்தனையோ முறை சாப்பிட்ட அதே குழம்பு. எட்டிப் பார்த்தால் சட்டிக்குள் மீன் இல்லை.

"ஜிலேபியாவது போட்டிருக்கலாம்ல தங்கச்சி?"

"வாயில வச்சதும் கண்டுபிடிச்சிருவாகண்ணே. திட்டுவாக."

சோற்றின் மேல் வெறும் குழம்பை ஊற்றினாள். பிறகு இலைக்கு எதிரே உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கிற ஆளிடம் பேசுவது போலச் சொன்னாள்:

"இது மாதிரிதேன். நெசம் கெடைக்கல. சாப்பிடுங்க."