தேசப்பன் உண்டாக்கிய தீவு

மரக்காணத்தில் உப்பளத்தில் இறங்காமலே உப்பளத்துக்காரன் என்று பெயர் வாங்கியவன் தேசப்பன். மேஸ்திரி என்று சொல்லிக்கொள்வான். மற்றவர்கள் வெயிலில் பாத்தியில் நின்று உப்பு வாரும்போது, வரப்பின் மேல் குடை பிடித்துக்கொண்டு, "அந்த மூலையில இருக்குது பாரு, அத வாரு" என்று கை காட்டுவதுதான் அவன் தொழில். உப்பு எந்த மூலையில் இருக்கிறது என்பது வாருகிறவர்களுக்குத் தெரியும். ஆனால் முதலாளி தெய்வசிகாமணிக்கு, தான் வராத நாட்களில் வரப்பில் ஒரு குடை நிற்கவேண்டும். குடைக்குக் கீழே யார் என்பது அவருக்கு முக்கியமில்லை.

போன வருஷம் தெய்வசிகாமணி பாதி அளத்தைக் குத்தகைக்கு விட்டார், மீதியைத் தரிசாகப் போட்டார். குத்தகைக்கு எடுத்தவர்கள் தாங்களே பாத்தியில் இறங்குகிறவர்கள். அவர்களுக்குக் குடை தேவைப்படவில்லை. அவர்களோடு சேர்ந்து உப்பு வாரலாமே என்று அவன் மனைவி விருத்தாம்பாள் கேட்டாள். "என் காலுக்கு உப்புத் தண்ணி ஒத்துக்காது" என்றான் தேசப்பன். உப்பளத்தில் தலை நரைத்தவன் இதை முகம் மாறாமல் சொன்னான்.

அவன் கண் வைத்தது கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு தனியார் பள்ளியின் மேல். அங்கே வேன்களை வரிசைப்படுத்தி அனுப்ப ஓர் ஆள் தேவைப்பட்டது. நிழலில் ஒரு நாற்காலி, கழுத்தில் ஒரு விசில். இந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்து மண்வெட்டிதான் என்பது அவனுக்குத் தெரியும். அதனால் தினமும் காலையில் பள்ளி வாசலில் போய் நின்று தாளாளர் பாலகுருவுக்கு வணக்கம் வைத்தான்.

பாலகுரு முன்பு மனை விற்றவர். பள்ளி நடத்துவதையும் அதே குரலில்தான் செய்தார். திண்டிவனத்துப் பள்ளி ஒன்று மாணவர்களை அலையாத்திக் காட்டுக்கு அழைத்துப் போய்ப் படம் போட்டிருந்ததைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் தேசப்பனைக் கூப்பிட்டார்.

"ஏம்பா, நம்ம ஏரியாவுல தீவு இருக்குதா?"

"இருக்குதுங்க சார். எத்தன வேணும்?"

"ஒண்ணு போதும். எட்டாவது பசங்க போய் இயற்கைய ஆராய்ச்சி பண்ணணும். நல்லபடியா முடிச்சுக் குடு, வேன் வேலைய உனக்கே போட்டுடறேன்."

பக்கத்திலிருக்கும் கழுவெளிச் சதுப்பு ஏரியில் திட்டுகள் உண்டு, பறவைகளும் உண்டு. அங்கே போக வனத்துறையிடம் அனுமதி கேட்கவேண்டும். கேட்பதற்கு ஒரு மனு எழுதவேண்டும், பேருந்து ஏறவேண்டும், வரிசையில் நிற்கவேண்டும். இது எதையும் செய்யாமல் தேசப்பன், "பர்மிஷன் வாங்கிட்டேங்க சார்" என்றான். மறுநாளே பள்ளி வாசலில் பேனர் ஏறிவிட்டது. நீலக் கடல், நடுவில் தென்னை மரத் தீவு, ஓரத்தில் கை கூப்பிய பாலகுரு.

பயண நாள் நெருங்கியபோது வேறு வழியில்லாமல் தேசப்பன் ஒரு தீவை உண்டாக்கினான். தெய்வசிகாமணியின் தரிசுப் பாத்தி ஒன்றின் நடுவில் முன்பு உப்பு குவித்த மேடு ஒன்று இருந்தது. மேல் முழுக்க உப்பு மண்ணில் முளைக்கும் உமிரிச் செடி. முந்தின நாள் மதியத்திலிருந்து மோட்டார் போட்டு, வாய்க்கால் தண்ணீரைப் பாத்தியில் விட்டான். விடியும்போது மேட்டைச் சுற்றி முழங்கால் அளவு தண்ணீர் பளபளத்தது. எக்கியார்குப்பத்து மீனவன் இருசப்பனின் சிறிய ஃபைபர் படகைக் குட்டி லாரியில் கொண்டுவந்து இறக்கினான். புதுச்சேரிக் கடற்கரையில் வாங்கிய சோழிகளையும் சங்குகளையும் படகில் உட்கார்ந்தபடியே போய் மேட்டில் தூவினான். சாவி வளையம் மாட்டியிருந்ததை மட்டும் எடுத்துவிட்டான். அந்த அளவுக்கு அவனுக்கு அறிவு இருந்தது.

மாணவர்கள் வந்தார்கள். இருசப்பன் தண்ணீரில் நடந்துகொண்டே படகைத் தள்ளி, அவர்களைத் தடவைக்குக் கொஞ்சம் பேராக மேட்டில் இறக்கினான். படகோட்டி நடந்து வருவதைப் பற்றி அறிவியல் ஆசிரியை ஜான்சிக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை. மேட்டில் ஏறியதும் எல்லோரையும் தண்ணீர் தெரிகிற பக்கமாக நிறுத்திப் படம் எடுத்தாள். பிறகு செல்போனைப் பார்த்து, பசிபிக் தீவுகளின் ராட்சத ஆமைகளைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தாள். காலடியில் பூத்திருந்த உமிரியை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. செல்போனில் அது இல்லை.

"தீவுல மட்டும் வாழற உயிரினங்கள நோட் பண்ணுங்க."

"மிஸ், இந்த நாய் தீவுல மட்டும் வாழறதா?"

படகின் பின்னாலேயே தண்ணீரில் நடந்து வந்த நாய் அது.

"அது விசிட்டர். எழுதாத."

வரப்பில் நின்ற தேசப்பன் விசில் பிடிப்பதுபோல் கையை வாயருகே வைத்துப் பார்த்துக்கொண்டான். அப்போது பக்கத்துப் பாத்தியிலிருந்து உப்பு வாருகிற ஆராயி வந்து அவன் அருகில் நின்றாள். தண்ணீரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"ஏம்பா மேஸ்திரி, பாத்திய மிதிச்சியா?"

தேசப்பனின் கை வாயருகிலேயே நின்றுவிட்டது.

அளத்தில் ஒவ்வொரு வருஷமும் தண்ணீர் விடுமுன் பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவார்கள். நாள் கணக்கில், இடுப்பு விட்டுப்போக மிதிக்கிற வேலை. மிதிக்காத தரை வெடிப்பு விட்டுக் கிடக்கும், விட்ட தண்ணீரையெல்லாம் குடித்துவிடும். இந்த வேலை நடக்கும் நாட்களில் தேசப்பன் குடையோடு டீக்கடையில் இருப்பான். அவனைப் பொறுத்தவரை பாத்தி என்றால் தண்ணீர் நிற்கும், அவ்வளவுதான்.

காலையில் மோட்டாரை நிறுத்தியதிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. ஆமைப் பாடம் முடிவதற்குள் படகு சேற்றில் உட்கார்ந்தது.

"மிஸ், தண்ணியக் காணோம்" என்றது ஒரு குரல்.

"லோ டைட்" என்றாள் ஜான்சி. தலையை நிமிர்த்தவில்லை.

"உன் தீவு ஊரோட ஒட்டிக்கிச்சு மேஸ்திரி" என்று சொல்லி ஆராயி வரப்பிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

தேசப்பன் மோட்டாரிடம் ஓடினான். அதற்குள் கரண்ட் போயிருந்தது. அவன் திரும்பி வந்தபோது பாலகுருவின் கார் வரப்போரத்தில் நின்றது. மாணவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். வேலை போயிற்று என்று முடிவு கட்டிய தேசப்பன், வாழ்நாளில் முதல் முறையாகத் தானே பாத்தியில் இறங்கி, பாலகுருவின் கண்ணில் படுகிற மாதிரி ஒரு மாணவியின் பையை வாங்கிச் சுமந்தான்.

பாலகுரு சேற்றைப் பார்த்தார். சேற்றில் சாய்ந்த படகைப் பார்த்தார். மனை விற்றவருக்கு இது என்னவென்று புரிய நேரமாகவில்லை.

"போட்டோ எடுத்தாச்சா?" என்று ஜான்சியைக் கேட்டார்.

"தண்ணி இருக்கும்போதே எடுத்து குரூப்ல போட்டுட்டேன் சார். பேரண்ட்ஸ் எல்லாம் சூப்பர்னு போட்டிருக்காங்க."

பாலகுரு கணக்குப் போட்டார். இவனைத் துரத்தினால் ஏன் துரத்தினோம் என்று பெற்றோர் கேட்பார்கள். சொன்னால் பேனரை இறக்கவேண்டும், படத்தை எடுக்கவேண்டும், திண்டிவனத்துக்காரன் சிரிப்பான்.

"திங்கக்கிழமை வாப்பா" என்றார். "கால கழுவிட்டு வா."

தேசப்பன் இப்போது அந்தப் பள்ளியில்தான் இருக்கிறான். நாற்காலி இருக்கிறது, விசில் இருக்கிறது. வேன்கள் அவன் ஊதுவதற்கு முன்பே கிளம்பிவிடுகின்றன, அவன் பின்னாலிருந்து ஊதுகிறான். தீவைப் பார்க்கவேண்டும் என்று எப்போதாவது யாராவது பெற்றோர் கேட்டால், அதைக் கடல் கொண்டுபோய்விட்டது என்று வருத்தமான முகத்தோடு சொல்கிறான். பக்கத்தில் நிற்கும் ஜான்சி, பருவநிலை மாற்றம் என்று சேர்த்துக்கொள்கிறாள்.